பட்டாளத்துத் துப்பாக்கி பாகத்துக்கு வந்தால்: சுடுவதா, சும்மா வைப்பதா, கொடுத்துவிடுவதா?

நெல்லைச் சீமையில் பழைய வீட்டைப் பாகம் பிரிக்கும்போது பெட்டியடியிலிருந்து வரும் பத்திரத்துக்கு வக்கீல் இருக்கிறார், நகைக்கு ஆசாரி இருக்கிறார். தோல் உறைக்குள் கிடக்கும் கைத்துப்பாக்கிக்கு மட்டும் ஆளுக்கொரு யோசனை. "பட்டாளத்துச் சாமான், லட்சக்கணக்குல போகும்" என்பார் மூத்தவர். "தோப்புல வச்சு ஒரு தடவ சுட்டுப் பாப்பமா மாமா?" என்பான் மருமகப்பிள்ளை. அது கண்ணாடி மாதிரி மின்னிவிட்டால் இரண்டு பேருக்கும் நம்பிக்கை இரட்டிப்பாகும்.

மின்னுவதுதான் முதல் சந்தேகம். எண்பது, நூறு வருஷத்துப் பட்டாளத் துப்பாக்கி அப்படி மின்னினால், யாரோ எமரித்தாளும் பஃபிங் சக்கரமும் போட்டு மறுமெருகு ஏற்றியிருக்கிறார்கள். அந்த மெருகுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமையும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறது? துளை அளவு, அதாவது குழலின் உள்விட்டமும் அதில் ஏறும் தோட்டாவும், என்ன? பல வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் சுட்டுப் பார்க்க ஆசை, பிறகு விலை விசாரிப்பு, கடைசியில் லைசென்ஸ்.

முதல் வாரத்து வேலை

லைசென்ஸ்தாரர் இறந்த நிமிடத்திலிருந்து அந்தத் துப்பாக்கிக்கு வாரிசு உண்டு. வைத்திருக்க அனுமதி உள்ளவர் வீட்டில் யாரும் இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். "காரியம் முடியட்டும்" என்று பீரோவில் பூட்டி வைப்பது குற்றம். தோப்பில் சுட்டுப் பார்ப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

காவல் நிலையமா, வியாபாரியா என்றால் வியாபாரிதான் மேல். மாதக் கட்டணம் உண்டு. ஆனால் நிலையத்து ஆயுத அறையில் எண்ணெய் போட்டுத் துடைக்க ஆள் கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைத்துத் திரும்ப வாங்கியவர்களுக்கு இது தெரியும்: போனது ஒரு நிறம், வந்தது ஒரு நிறம். எங்கே கொடுத்தாலும் முதலில் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் சொல்லி நகல் வாங்குங்கள். தோட்டாவை வெளியே எடுத்துத் தனியாகக் கட்டுங்கள். சீரியல் எண் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். ரசீதில் தயாரிப்பு, துளை அளவு, எண், தோட்டாக்களின் எண்ணிக்கை நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாரிசு உரிமத்துக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25-வது விதி வழி தருகிறது. லைசென்ஸ்தாரர் இறந்தபின் சட்டப்படியான வாரிசு கேட்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, எழுபது வயது ஆனாலோ துப்பாக்கியை இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது வாரிசைக் குறித்துக் கொடுக்கலாம். வீட்டில் தாத்தா இன்னும் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டாவது வழியை இப்போதே பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். பின்னால் ஆறு வாரிசிடம் கையெழுத்துக்கு அலைவது மிச்சம்.

விண்ணப்பம் ஏ-1 படிவத்தில், இணையவழி. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை, அசல் லைசென்ஸ், ஒப்படைத்த ரசீது, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பேரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் ஆகாது. பரம்பரையாக வந்தது என்றாலும் அதே கணக்கு. ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் மூத்த மகன் மூன்றாவதைக் கேட்கவே முடியாது. தம்பி பேரிலோ தங்கச்சி பேரிலோ போட வேண்டியதுதான்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தூத்துக்குடிப் பக்கம் 1986-லும், தென்காசி 2019-லும் தனி மாவட்டமாகப் பிரிந்தன. சங்கரன்கோவில்காரரின் தாத்தா கொக்கிரகுளத்தில் வாங்கிய லைசென்ஸுக்கு இன்று விண்ணப்பம் தென்காசியில். பழைய பதிவேட்டிலிருந்து விவரம் வந்து சேர நாளாகும். லைசென்ஸ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும், கடைசியாகப் புதுப்பித்த முத்திரையோடு, நகல் எடுத்து இணையுங்கள். தேசிய ஆயுத உரிமப் பதிவேட்டின் தனி அடையாள எண் அதில் ஏறியிருக்கிறதா என்பதையும் முதலிலேயே பாருங்கள்.

லைசென்ஸே இல்லாத துப்பாக்கி பரணிலிருந்து விழுந்தால் இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படையுங்கள்.

துளை அளவு: விலையைத் தலைகீழாக்கும் எண்

நம் சீமையில் பட்டாளத்து மரபில் வந்தவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பிரிட்டிஷ் சேவை ரிவால்வர்கள்: 1915-ல் சேவைக்கு வந்த வெப்லி மார்க் 6 (.455), 1932-ல் வந்த என்ஃபீல்டு நம்பர் 2, அதன் பங்காளியான வெப்லி மார்க் 4 (.380). மற்றொன்று 7.65 மி.மீ. பிஸ்டல்கள்: பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை செய்த பிரவுனிங் 1910, அதன் நீண்ட உடன்பிறப்பான 1922, வால்தர் பி.பி. போன்றவை. பிரவுனிங் என்றால் இங்கே விளக்கம் தேவையில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது ஒரு பிரவுனிங்.

சட்டத்துக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. .380, .455 விளிம்புத் தோட்டாவையோ, சேவை 9 மி.மீ. தோட்டாவையோ ஏற்றிச் சுடக்கூடிய எந்தப் பிஸ்டலும் ரிவால்வரும் தடை செய்யப்பட்ட துளை. அதற்கு உரிமம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில்; கலெக்டர் அலுவலகத்தில் ஆகாது. .32 என்று லைசென்ஸில் எழுதப்படும் 7.65 பிரவுனிங் தடையில்லாத துளை. அதற்கு உரிமம் மாவட்டத்திலேயே.

இதனால் நம் ஊர்க் கணக்கு வெளிநாட்டுக் கணக்குக்கு நேர் எதிர். சேகரிப்பாளர்கள் தேடும் வெப்லி மார்க் 6-க்கு இங்கே வாங்க ஆளில்லை. வாங்கலாம் என்று அனுமதி உள்ளவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அளவில் சிறிய 7.65 பிரவுனிங்குக்கோ அடிதடி. தனியார் இறக்குமதி 1980-களின் நடுவிலேயே நின்றுபோனதால், நாட்டுக்குள் இருப்பவைதான் சுற்றிச் சுற்றி விற்கின்றன. விலை லட்சங்களில் பேசப்படுகிறது. மறுமெருகு இங்கே பிரவுனிங்கின் விலையைப் பெரிதாகக் குறைப்பதும் இல்லை. வாங்குபவர் பார்ப்பது அது சரியாக வேலை செய்கிறதா, எண் தெளிவாக இருக்கிறதா என்பதைத்தான். வெளிநாட்டுச் சேகரிப்பு நூல்களைப் படித்துவிட்டு "அசல் மெருகு போச்சே" என்று வருந்துவது நம் சந்தைக்குப் பொருந்தாது.

எண்ணை வாசிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. 7.65 என்ற எண் மட்டும் போதாது. 7.65 பிரவுனிங் என்பதுதான் .32 ஏ.சி.பி. (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்). 7.65 பாரபெல்லம் லூகர் பிஸ்டலுக்கானது. கழுத்து ஒடுங்கிய, பெரிய தோட்டா. அதேபோல .32 என்பதும் இரண்டு: பிஸ்டலுக்கு ஏ.சி.பி., ரிவால்வருக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். ஏ.சி.பி. தோட்டாவுக்குச் சிறு விளிம்பு உண்டு என்பதால் .32 லாங் ரிவால்வருக்குள் அது போய் உட்கார்ந்துவிடும். கேடு அங்கேதான். ஏ.சி.பி.யின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 20,500 பவுண்டு. லாங் தோட்டாவுக்கு 15,000. பழைய ரிவால்வரின் சிலிண்டர் (தோட்டாக்கள் ஏறும் சுழல் உருளை) இந்த வித்தியாசத்தைத் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

எஃப்.என். 1922 இன்னொரு தோட்டாவுக்கும், 9 மி.மீ. குறுந்தோட்டாவுக்கும், செய்யப்பட்டது. யூகோஸ்லாவியா 1923-ல் கேட்டு வாங்கியது அந்த அளவில்தான். லைசென்ஸில் .32 என்றிருந்தும் பேரலில் 9 என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வியாபாரி மூலம் எழுத்தில் தெளிவு கேளுங்கள்.

"பர்மாவுல ஜப்பான்காரன்ட்ட புடுங்குனது" என்ற குடும்பக் கதையோடு வருபவையும் உண்டு. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஜப்பானிய அதிகாரிகள் சொந்தப் பணத்தில் பிரவுனிங் 1910 வாங்கி வைத்திருந்தார்கள். ஆனால் கையில் இருப்பது 8 மி.மீ. நம்பு என்றால் தோட்டாவைத் தேடி அலைய வேண்டாம். கதைக்கு வைத்துக்கொள்ள உரிமம் கேட்கலாம், அவ்வளவே.

மெருகைப் படிப்பது எப்படி

டியூப் லைட்டுக்குக் கீழே, ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகத்தை, சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும். சாய்வில் வெளிச்சக் கோடு ஸ்லைடின் பக்கவாட்டில் நேராக ஓட வேண்டும். தண்ணீரில் விழுந்த கயிறு மாதிரி நெளிந்தால் பஃபிங் சக்கரம் உலோகத்தைத் தின்றிருக்கிறது. ஆணித் துளைகளின் விளிம்பைப் பாருங்கள். அசலில் அது கூர்மையான வட்டம். மறுமெருகில் புனல் வாய் மாதிரி குழிந்திருக்கும். எழுத்துகளின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கியும் இருந்தால், சக்கரம் எந்தத் திசையில் ஓடியது என்பதைக்கூடச் சொல்லிவிடலாம்.

எஃப்.என். 1922-ல் இன்னொரு துப்பு கிடைக்கும். 1940 மே மாதம் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தபின் அந்தத் தொழிற்சாலையில் பட்டாளத்துக்காகச் செய்தவற்றில் கழுகு முத்திரையும் அதன்கீழே ஆய்வாளர் எண்ணும் இருக்கும். போர் வேகத்தில் செய்ததால் கடைசல் கோடுகள் அப்படியே தெரியும். கழுகு முத்திரையும் கண்ணாடி மெருகும் ஒரே ஸ்லைடில் இருந்தால், மெருகு பின்னால் வந்தது. வெப்லி மார்க் 6-ல் சட்டகத்தின் இடப்பக்கம் நிறுவனப் பெயரோடு ஆண்டும் இருக்கும். இரண்டு அம்பு முத்திரைகள் முனையோடு முனை சேர்ந்து நட்சத்திரம் போல இருந்தால், பட்டாளம் முறையாக விற்றுக் கழித்த துப்பாக்கி என்று பொருள். சேவை என்ஃபீல்டுகளில் பலவற்றுக்குப் போருக்குப்பின் கறுப்பு வண்ணமே பூசினார்கள். அதில் பளபள நிக்கலைப் பார்த்தால் கேள்வியே தேவையில்லை.

மெருகு எந்த முறையில் ஏறியது என்பதுதான் சுடுவதா வேண்டாமா என்பதை நிர்ணயிக்கும். உப்புக் குளியலில் 140 டிகிரி வாக்கில் ஏற்றும் நீல மெருகு எஃகின் பதத்தைக் கெடுக்காது. பேரலுக்கும் சட்டகத்துக்கும் இடையே உப்பு ஒளிந்திருந்து பின்னால் வெள்ளையாகப் பூத்துத் துருவாக்கும் என்பதுதான் அதன் குறை. ஊர்ப் பட்டறையில் ஊதுகுழலால் சூடாக்கி நீலம் வரவழைத்திருந்தால் கதையே வேறு. எஃகில் அந்த நீலம் வருவது 300 டிகிரிக்குப் பக்கத்தில். மேல்தோல் மட்டும் கடினப்படுத்திய சுத்தி, அதை விசை இழுக்கும்வரை பிடித்து நிறுத்தும் சியர் போன்ற சிறு பாகங்களின் முனை அந்தச் சூட்டில் மென்மையாகிவிடும். வெளியே நீலம் ஏறிய அன்று எல்லாம் சரியாகவே நடக்கும். ஐம்பது முறை சுத்தி விழுந்தபின் சியர் முனை மழுங்கி, தொட்டாலே விழ ஆரம்பிக்கும்.

நிக்கல் முலாத்தில் கேடு இரண்டு விதம். முலாத்துக்கு முன்னால் அமிலத்தில் ஊறவைக்கும்போது கடினமான ஸ்பிரிங்குகளுக்குள் ஹைட்ரஜன் நுழைந்து உடையும் தன்மை வந்துவிடும். பாகங்களைக் கழற்றாமல் அப்படியே முக்கியிருந்தால் இது கட்டாயம் சந்தேகிக்க வேண்டியது. இரண்டாவது, சிலிண்டர் அறைகளுக்குள்ளும் முலாம் ஏறியிருக்கும். சிலிண்டர் பள்ளத்தில் நகம் வைத்துக் கீறினால் மீன் செதில் மாதிரி ஒரு துணுக்கு உரிந்து வருகிறதா? அந்தத் துணுக்கு சிலிண்டர் சுழலும் இடுக்கில் சிக்கும். உரிந்த இடத்துக்குக் கீழே கறுப்பாகத் துருக்குழி தெரிந்தால், முலாம் துருவை மூடத்தான் போடப்பட்டது.

எல்லாவற்றையும்விடக் கனமான விஷயம் சீரியல் எண். ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு அடையாள எண்ணை அழிப்பதையும், அழிந்த எண்ணோடு வைத்திருப்பதையும் தடுக்கிறது. எமரி தேய்த்த பட்டறைக்காரர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார். ஆனால் 3 என்பது 8 போலத் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் அது உங்கள் தலைவலி. ஒப்படைக்கும்போதே அதை எழுத்தில் குறிப்பிட வையுங்கள். "கொஞ்சம் வெட்டி ஆழமாக்கித் தாரேன்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மீண்டும் மெருகு போடும் யோசனைக்கும் இதே பதில்தான்: ஒவ்வொரு முறையும் எழுத்துதான் போகும்.

உலோகச் சோதனை

இதை உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரின் மேசையில்தான் செய்ய வேண்டும். லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது உங்களையும் அவரையும் சேர்த்து மாட்டிவிடும். நீங்கள் உடன் நின்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லலாம். என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

ரிவால்வரில் முதலில், வெறும் சிலிண்டரில் விரலை லேசாக உரசிப் பிடித்தபடி சுத்தியை மெல்லப் பின்னிழுக்க வேண்டும். சுத்தி முழுதாக நிற்கும் முன்பே சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாக. ஒரு அறையில் பிந்தினாலும் குண்டு பேரல் வாயில் சரியாக நுழையாமல் விளிம்பில் உரசி ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும். பேரலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்க்கவும்: 0.10 முதல் 0.20 மி.மீ. நல்லது, 0.30 தாண்டினால் வேண்டாம். சுத்தியை நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விழுந்தால் சோதனை அங்கேயே முடிந்தது. வெப்லி, என்ஃபீல்டு இரண்டும் நடுவில் ஒடிந்து திறப்பவை என்பதால் கீல் முக்கியம். பேரலையும் கைப்பிடியையும் பிடித்து இடவலமாக ஆட்டினால் 'கடகட' என்கிறதா, மேலே பூட்டும் கொக்கி இறுக்கமாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வெப்லியில் இன்னொன்று: சிலிண்டரின் பின்முகம் சீவப்பட்டிருக்கிறதா? .45 ஏ.சி.பி. தோட்டாவைப் பிறை வடிவக் கிளிப்பில் போட்டுச் சுடுவதற்காக வெளிநாட்டில் அப்படிச் சீவினார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்த வரம்பு 21,000 பவுண்டு. .455-க்கான சேவை அழுத்தம் அதற்கு வெகு கீழே. சீவிய வெப்லி எவ்வளவு அழகாக இருந்தாலும் சுடுவதற்கில்லை.

பிரவுனிங்கில் சோதனை வேறு. வெறும் அறையோடு ஸ்லைடைப் பின்னிழுத்துத் தானாகப் பாய்ந்து மூடவிட வேண்டும், பத்து முறை. ஒருமுறைகூட ஸ்டிரைக்கர் (தோட்டாவை அடிக்கும் உள் ஊசி) தானாக விழக்கூடாது. விழுந்தால், தோட்டா இருக்கும்போது விசையைத் தொடாமலே வெடிக்கும், அல்லது சரசரவென்று தொடர்ந்து வெடிக்கும். அடுத்து, விசையை அழுத்திப் பிடித்தபடி ஸ்லைடை இழுத்து விட வேண்டும். விசையை விட்டு மறுபடி அழுத்தினால்தான் ஸ்டிரைக்கர் விழ வேண்டும். பாதுகாப்புப் பூட்டைப் போட்டு விசையை அழுத்தி, விட்டு, பூட்டை எடுக்கும்போது விழுந்தால் சியர் தேய்ந்துவிட்டது. கைப்பிடிப் பூட்டை (பிடியின் பின்புறம் உள்ளங்கை அமுக்கும் பூட்டு) அழுத்தாமல் விசை வேலை செய்யக்கூடாது. மேகசினைக் கழற்றினாலும் வேலை செய்யக்கூடாது; பல பழைய பிஸ்டல்களில் இந்த மேகசின் பூட்டை யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள்.

ஒரு சின்னச் செலவு பெரிய சேதத்தைத் தடுக்கும். அது பேரலைச் சுற்றியுள்ள மீட்பு ஸ்பிரிங். இந்தப் பிஸ்டலில் ஸ்லைடைப் பூட்டும் அமைப்பு ஏதும் கிடையாது. ஸ்லைடின் எடையும் அந்த ஸ்பிரிங்கும்தான் வெடியைத் தாங்குகின்றன. எண்பது வருஷம் அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு வெடியிலும் ஸ்லைடு சட்டகத்தில் போய் மோதும். விரிசல் அங்கேதான் தொடங்கும். புது ஸ்பிரிங் போடாமல் முதல் தோட்டாவை ஏற்ற வேண்டாம்.

இரண்டு வகைக்கும் பொதுவாக விரிசல் சோதனை செய்யலாம். வெல்டிங் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும்தான். கூடங்குளம் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அது பழகிய சாமான். நன்றாகத் துடைத்த பாகத்தில் சாயம் பூசி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் முடி இழை மாதிரி சிவப்புக் கோடு எழும்பும். ஆனால் முலாம் போட்ட பாகத்தில் இந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது. விரிசலை முலாமே மூடியிருக்கலாம்.

பேரலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கும்போது குண்டைச் சுழலவைக்கும் ரைஃப்ளிங் வரிகள் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், சிறு குழிகள் இருந்தாலும் சுடத் தடையில்லை. வளையமாக ஒரு நிழல் தெரிந்தால் மட்டும் தடை. முன்பு எப்போதோ குண்டு நடுவில் நின்று, அடுத்த குண்டு அதை இடித்து, பேரல் வீங்கியிருக்கிறது.

சுடுவதென்றால்

எல்லாச் சோதனையும் தேறிய .32 பிஸ்டல், கையில் உங்கள் பேரில் லைசென்ஸ். இந்த இரண்டும் இருந்தால்தான் இந்தப் பகுதி. சுட வேண்டியது அனுமதி பெற்ற சுடுதளத்தில். அங்கே சொந்த .32 அனுமதிப்பார்களா என்று முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். லைசென்ஸ் செல்லும் எல்லை மாவட்டமா, மாநிலம் முழுவதுமா என்று பார்த்தபின்தான் மதுரைக்கோ கோவைக்கோ எடுத்துப் போவது.

தோட்டா புதிதாக, தொழிற்சாலையில் செய்ததாக இருக்கட்டும். தாத்தாவின் பச்சை பிடித்த தோட்டாக்கள் ஒப்படைத்ததோடு சரி. வீட்டில் மறுபடி நிரப்புவது உரிமமில்லாத உற்பத்தி.

முதல் நாளில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. முதல் இரண்டு மூன்றைக் கையில் பிடிக்காமல், மணல் மூட்டையில் பொருத்தி, கயிறு கட்டித் தள்ளி நின்று இழுக்கும் முறையே சரி. கைப்பிடிப் பூட்டைப் பட்டையால் அமுக்கிக் கட்ட வேண்டியிருக்கும். அதைத் தளத்தின் பொறுப்பாளர் முன்னிலையில், பழுதுபார்ப்பவர் செய்யட்டும். காலித் தோட்டாவை எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் ஒரு புறம் வீங்கியிருக்கிறதா, பிரைமர் (அடியில் உள்ள வெடிமூடி) துளைபட்டிருக்கிறதா, கூட்டில் நீளவாக்கில் கீறலா? ஒன்று இருந்தாலும் அன்றைய வேலை முடிந்தது. நன்றாக இருந்தால் இரண்டு தோட்டா. இரண்டும் சேர்ந்து வெடிக்கிறதா என்று பார்க்கத்தான் இரண்டு. பிறகு ஐந்து. அன்றைக்கு மொத்தம் இருபது, இருபத்தைந்து போதும்.

'டப்' என்று வர வேண்டிய சத்தம் 'புஸ்' என்று வந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு பேரலுக்குள் நிற்கலாம். அழுத்தியும் வெடிக்காவிட்டால் முப்பது விநாடி முனையை இலக்கு நோக்கியே பிடித்திருந்துவிட்டுத் திறக்க வேண்டும். பத்து மீட்டரில் அட்டையில் விழுந்த ஓட்டைகள் வட்டமாக இருக்க வேண்டும். சாவித்துவாரம் மாதிரி நீண்டிருந்தால் குண்டு சுழலாமல் புரண்டு போகிறது; பேரல் தேய்ந்துவிட்டது, அல்லது குண்டு அளவு சேரவில்லை.

எந்த வீட்டுக்கு எது

.32 பிஸ்டல், எண் தெளிவு, சோதனை தேறியது, வாரிசுக்கு இரண்டு துப்பாக்கி வரம்புக்குள் இடம் இருக்கிறது: உரிமம் எடுத்து, வருஷத்துக்கு ஒரு டப்பா தோட்டாவோடு நிறுத்திக்கொண்டால் இன்னொரு தலைமுறைக்கும் நிற்கும். நம் சந்தையில் இதுதான் விற்கவும் எளிது. வேண்டாம் என்று தோன்றும் அன்று விற்றுக்கொள்ளலாம் என்பதால் உரிமம் எடுப்பதில் நஷ்டமில்லை.

.32 தான், ஆனால் சோதனையில் ஏதோ ஒன்று தவறுகிறது, அல்லது தீயில் காய்ச்சிய நீலம்: பழுதுபார்க்கும் செலவை முதலில் கேளுங்கள். சியர், ஸ்பிரிங் அளவிலென்றால் செய்யலாம். ஸ்லைடோ சட்டகமோ விரிந்திருந்தால் உரிமம் பெற்ற வியாபாரியிடம் குறையைச் சொல்லியே விற்றுவிடுங்கள். தனியாருக்கு விற்பதானால் உரிம அதிகாரிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்தபின்தான் கைமாற்ற முடியும். பாகத்தைப் பணமாகப் பிரிக்கக் காத்திருக்கும் அண்ணன் தம்பிக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

.455, .380, 9 மி.மீ.: வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டு, மனம் கேட்கவில்லை என்றால் டெல்லிக்கு விண்ணப்பியுங்கள். நாளாகும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அதுவரை வைப்புக் கட்டணம் ஓடும். விலை வராது என்பதால் பணத்துக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. நினைவுப்பொருளாக வேண்டுமென்றால் நிரந்தரமாகச் செயலிழக்க வைக்கும் வழியை இந்த வகைக்கு மட்டும் யோசிக்கலாம். ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குத் தருவது, பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழம்பொருளுக்குத்தான். ஆகவே ஸ்டிரைக்கரையோ சுத்தியின் ஊசியையோ கழற்றி வைத்துவிட்டு "இது ஓடாதுங்க" என்று சொல்வது செல்லாது. உரிம அதிகாரியின் எழுத்து அனுமதியோடு, உரிமம் பெற்றவர் செய்து சான்று தர வேண்டும். செய்தபின் திரும்ப வழியில்லை. .32 பிஸ்டலை இப்படிச் செய்வது கையில் இருக்கும் லட்சத்தை உலையில் போடுவது.

அரசுக்கே கொடுத்துவிடுவது கடைசி வழி. எண் அழிந்துபோன, உள்ளே துருத் தின்ற துப்பாக்கிக்கு அதுவே முதல் வழி.

வைத்திருக்கும் காலத்தில்

தோல் உறையிலிருந்து முதலில் எடுங்கள். பதனிட்ட தோலின் உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்து, உறை தொட்ட இடத்தில் மட்டும் துருப் பிடிக்க வைக்கும். உவரி, கூடுதாழைப் பக்கத்து உப்புக்காற்றிலும், ஆனி ஆடிச் சாரலில் செங்கோட்டைப் பக்கத்திலும் இது ஒரே பருவத்தில் நடந்துவிடும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். சில மாதத்தில் பிசின் மாதிரி இறுகி ஸ்டிரைக்கர் ஓடும் குழியை அடைத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும், அதுவும் துணியில் தொட்டுத் துடைக்கும் அளவுக்கு.

பழைய பட்டாளத் தோட்டாவைத் தாத்தா காலத்தில் சுட்டிருந்தால் பேரலுக்குள் பிரைமர் உப்பு படிந்திருக்கலாம். அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கழற்றிய பேரலை வெந்நீர் விட்டுக் கழுவி, சூடு ஆறுவதற்குள் துடைத்து, பிறகு எண்ணெய். துரு தடுக்கும் தாளில் சுற்றி, சிலிக்கா பையோடு இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறு பூட்டில் வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை அந்தச் சிலிக்கா பையை வெயிலில் காயவைத்து மாற்றுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்து ஒப்படைக்கச் சொன்னால் அதே தாளோடு, அதே பையோடு கொடுத்து, ரசீதில் "தாளில் சுற்றிய நிலையில்" என்று எழுதச் சொல்லுங்கள்.